வலது பின் சக்கரத்து நட்டு

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பல் பிடுங்குகிறவர் அல்ல. பிடுங்கிய இடத்தில் வைப்பதற்குப் பல் செய்து கொடுப்பவர். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் கட்டி, வார்த்து, தேய்த்து, பக்கத்துப் பல்லின் பழுப்பு நிறம் வரை கொண்டுவந்து கொடுப்பார். பாதித் தெரு சிரிப்பது தன் தம்பி செய்த சிரிப்பு என்று அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கல்யாணம் என்ற பேச்சை அவர் நாற்பது வயதிலேயே காதில் வாங்குவதை விட்டுவிட்டார். அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை, அதிலேயே பட்டறை, அதிலேயே படுக்கை.

பல் வேலை முடிந்ததும் அதே டிரில்லையும் தூரிகைகளையும் வைத்துக்கொண்டு பந்தயக் கார்களைச் சிறிதாகச் செய்வார். கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டுகிற ரகம் இல்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. கதவு திறக்கும், இருக்கையின் பெல்ட்டில் கொக்கி மாட்டும். ஒரு வண்டிக்கு ஒரு வருஷம் போகும். அவர் செய்த ஒன்றை ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு டீச்சர் மாடிப்படி ஏறி வந்தாள்.

இருபத்தாறு வயது இருக்கும். இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்தில் எட்டாம் எண் வண்டியை ஓட்டிச் செத்துப்போனவரின் மகள். அப்பா போனபோது அவளுக்கு நாலு வயது. அறுபத்திரண்டு படங்களை மேசையில் பரப்பினாள். இருபத்து நாலு மணி நேரம் ஓடுகிற வண்டி ஒரே வண்டியாக இருப்பதில்லை. மணிக்கு மணி அழுக்கு ஏறும், பூச்சி ஒட்டும், எங்கேயாவது இடித்துக்கொண்டு வந்து டேப் சுற்றிக்கொண்டு போகும். எந்த மணி நேரத்து வண்டி வேண்டும் என்று பல்லுக்காரர் வழக்கம்போலக் கேட்டார்.

"பத்தொன்பதாவது மணி. அப்பா கடைசியா ஏறினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும் சார். கழுவித் துடைச்ச வண்டி வேணாம்." பிறகு, ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டிய படத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். "வலது பின் சக்கரத்துல நட்டு சிவப்பா இருக்கு பாருங்க. அதை மட்டும் மறைச்சுடாதீங்க."

பந்தய வண்டியில் சக்கரத்துக்கு நடுவில் ஒரே நட்டுதான். அந்த அணியில் இடப்பக்கச் சக்கரங்களுக்குச் சிவப்பு நட்டு, வலப்பக்கத்துக்கு நீலம். இரண்டுக்கும் திருகு மறை எதிரெதிர். அவசரத்தில் மாற்றி வைத்து, நட்டு திருகுகிற ஏர் கன்னால் அடித்து ஏற்றினால் மறை சிதைந்து, பிடித்துக்கொண்ட மாதிரி பாசாங்கு செய்யும். சில சுற்றில் கழன்றுவிடும். எட்டாம் எண்ணுக்குக் கழன்றது வலது பின் சக்கரம்தான். வண்டி வளைவில் சுவரில் மோதி எரிந்தது. நட்டு கிடைக்கவே இல்லை. வலது பின் சக்கரத்துக்குப் பொறுப்பாக நின்று அந்த நட்டை மாட்டியவர் அப்போது கீழே கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பல்லுக்காரரின் அத்தான்.

அவளுக்கு அது தெரியாது. பல்லுக்காரரும் சொல்லவில்லை. சொல்லாதது தப்புதான், ஆனால் அந்த இடத்தில் யாராக இருந்தாலும் வாய் எழும்பியிருக்காது.

விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து அந்தப் படம் வெளிவந்தது. அணியின் மேலாளர் அதை அத்தான் முன்னால் போட்டார். சேறு அப்பிய வண்டி, எட்டு என்ற எண்ணில் பாதி, சக்கரத்தின் நடுவில் சிவப்பு நட்டு, அதன் மேல் ஏர் கன்னைப் பிடித்த ஒரு கையுறைக் கை. பத்தொன்பது மணி நேரம் கண் மூடாமல் நின்றவர் அவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் கைதான்" என்றார். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? மறுவாரம் ஒரு காகிதக் கிடங்கில் பொட்டலம் கட்டப் போய்ச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஸ்பானரைத் தொடவில்லை. மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டும் குழாய் ஒழுகினால் ஊரான் வந்துதான் திருக வேண்டியிருக்கிறது என்று அக்கா வெளியில் கிண்டலாகச் சொல்வாள். வீட்டில் சொல்லமாட்டாள். தூக்கமும் அவரை விட்டுப் போயிற்று. பகலில் யாராவது கண் அசந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

விஷயத்தைத் தம்பி அக்காவிடம் மட்டும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். "செஞ்சு குடுத்துடு. அந்தப் பொண்ணுக்கு அது வேணும். ஆனா இவர் கண்ணுல படாம செய்" என்றாள்.

பத்து மாதம் வேலை ஓடியது. எல்லாம் சொன்ன பேச்சு கேட்டது, வலது பின்பக்கத்தைத் தவிர. பத்திரிகைப் படத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு புகைக்குழாய் வாய் தெரிந்தது. மற்ற படங்களில் குழாய் இடப்பக்கம் மட்டும்தான். அப்படியானால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்திருக்க வேண்டும், வலப்பக்கம் எப்போதும் நிழலில் விழுந்ததால் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். பித்தளைக் குழாயைச் சூடாக்கி வளைத்து மூன்று வாரம் இரண்டாவது குழாயைச் செய்தார். அழகாகத்தான் வந்தது. வைக்கப் போனால் எண்ணெய்த் தொட்டி குறுக்கே நின்றது. தொட்டியை நகர்த்தினால் கியர் பெட்டி இடித்தது. பல்லாக இருந்தால் அரத்தால் ராவித் தள்ளிவிடலாம். அந்த வண்டியை அணு அணுவாகத் தெரிந்த ஆள் பதினேழு படிக்குக் கீழே இருந்தார். அவரிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அத்தானிடம் கேட்டேவிட்டார்: "அத்தான், எட்டாம் நம்பருக்குப் புகைக்குழாய் எத்தனை?"

அந்த வீட்டில் அந்த எண்ணை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அக்கா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு" என்றார் அத்தான். "இடது பக்கம்." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பல்லுக்காரர் மேலே வந்து மூன்று வாரத்து உழைப்பைக் கையில் வைத்துப் பார்த்தார். தன் மேலேயே எரிச்சல் வந்தது. இல்லாத குழாயைச் செய்திருக்கிறார். ஆனால் படத்தில் குழாய் இருக்கிறதே. படத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். மேசையில் கிடந்த, வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின் பக்கத்தில் பிடித்தார். இடது வலது மாறித் தெரிகிற பல்லைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு இது தோன்றப் பத்து மாதம் ஆகியிருக்கிறது.

கண்ணாடிக்குள் குழாய் இடப்பக்கம் போய் உட்கார்ந்தது. ஏழாவது மணியில் இடது பின்பக்கம் இடித்துக்கொண்டதற்கு ஒட்டிய டேப், அதன் கிழிந்த முனை, எல்லாம் மற்ற படங்களோடு ஒத்துப்போயின. வண்டி தாளின் உள்பக்கம் பார்த்தபடி இருந்தால் அழகு என்று பத்திரிகையில் யாரோ படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எட்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுதான். அது இடது சக்கரம். சிவப்பு நட்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

பித்தளைக் குழாயை மேசை ஓரமாகத் தள்ளிவிட்டு, கீழே போய் வாசலில் அத்தானுக்காகக் காத்து நின்றார்.

அத்தான் திரும்பி வந்ததும் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போனார். அத்தான் அந்த அறைக்குள் அதுவரை வந்ததே இல்லை. மேசைமேல் நின்ற வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பல்லுக்காரர் படத்தை வைத்து, கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்.

அத்தான் குனிந்து பார்த்தார். குழாயைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். பிறகு விரலை அந்தக் கையுறையின் மேல் வைத்தார்.

"அப்போ இந்தக் கை என்னுது இல்ல."

"இல்ல அத்தான்."

"நான் நீலத்தைத்தான் எடுத்தேன். என் கைக்கு ஞாபகம் இருந்துச்சு." விரலைக் கையுறையிலிருந்து எடுத்தார். "நான்தான் என் கையை நம்பலை."

சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று பல்லுக்காரருக்குத் தெரிந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அடுத்த வாரம் டீச்சர் வந்தாள். பல்லுக்காரர் முதலில் இல்லாத குழாயைச் செய்த தன் தப்பைச் சொன்னார், பிறகு படத்தின் கதையைச் சொன்னார், கடைசியில் கூடத்திலிருந்து அத்தானைக் கூட்டி வந்து இவர் யார் என்று சொன்னார். அவள் குட்டிக் கண்ணாடியை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்தது; யார் மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றது.

"அப்போ சக்கரம் ஏன் கழண்டுச்சு?"

"தெரியலைம்மா" என்றார் அத்தான். "இனிமே யாருக்கும் தெரியப் போறதில்ல."

வண்டியில் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. பல்லுக்காரர் பருப்பளவு நீல நட்டைச் சின்ன இடுக்கியில் எடுத்து அத்தானிடம் நீட்டினார். அத்தான் இடுக்கியை வாங்கவில்லை. நட்டை விரலிலேயே எடுத்து, வலது பின் சக்கரத்தில் வைத்துத் திருகினார். திருகிவிட்டு இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அப்பா கடைசியாக ஏதாவது பேசினாரா என்று மெதுவாகக் கேட்டாள்.

இதை அத்தான் யாரிடமும் சொன்னதில்லை. கொன்றவன் என்று தன்னையே நினைத்தவர் யாரிடம் சொல்வார்? "தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டுப் பாட்டிலை என்கிட்ட குடுத்தாரு. என் கண்ணைப் பார்த்துட்டு, நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் தூங்குடான்னாரு."

அவள் அழுதாள். அக்கா படியேறி வந்து அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். பல்லுக்காரர் வண்டியைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் இறக்கி, வாசல் வரை தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்து அனுப்பினார்.

அவர் திரும்பி வந்தபோது மத்தியான வெயில் அறைக்குள் பாதி வந்திருந்தது. அத்தான் பட்டறை நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்த அக்கா வாசலிலேயே நின்று பார்த்தாள். தம்பியிடம் விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு, சத்தம் போடாமல் இறங்கிப் போனாள்.