பொத்தான் மூக்கு

வெர்லன் டாக்கெட் தன் நிழலையே நம்பாத மனிதர் என்று கப்பலில் சொல்வார்கள். பொய்யில்லை. காபியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மனைவி தொலைபேசியில், "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றால், "என்னத்த மறைக்கிற?" என்று கேட்பார். கென்டக்கிச் சுரங்கத்தில் நச்சுக்காற்றுக்கு அப்பாவைப் பறிகொடுத்தவர். காற்றையே நம்பாதவர் ஆட்களை எங்கே நம்பப் போகிறார்!

நார்ஃபோக் துறைமுகத்தில் நின்ற அந்தப் போர்க்கப்பலில் ஏவுகணை அறை அவர் பொறுப்பு. ஏவுகணைக்குள் இருக்கும் எரிபொருள் கொஞ்சம் கசிந்தாலும் நுரையீரலைத் தின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கச் சட்டைப் பொத்தான் அளவில் கருவிகளைச் சுவரில் பதித்திருந்தார்கள். மாலுமிகள் அவற்றை மூக்கு என்பார்கள். ஒரே தொல்லை, தரை துடைக்கும் அமோனியாவுக்கும் எரிபொருளுக்கும் அந்த மூக்குகளுக்கு வித்தியாசம் தெரியாது. வாளி உள்ளே வந்தாலே அலறி ஊரைக் கூட்டிவிடும்.

ஒரு வாரமாக அலறலே இல்லை. எல்லோருக்கும் நிம்மதி, வெர்லனுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. தரை துடைக்கிற மாலுமி ரெனி டூசெட்தான் ஏதோ வேலை காட்டியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். லூசியானாக்காரன், வாய் நீளம், ஏற்கெனவே ஒரு மூக்கின்மேல் டேப் ஒட்டி மாட்டிக்கொண்டவன்.

காலையில் அவனை அந்த அறைக்குள்ளேயே பிடித்தார்.

"வயரப் பிடுங்கிட்டியாடா?"

"சத்தியமா இல்ல சீஃப். கத்தினாலும் திட்டுறீங்க, கத்தலன்னாலும் திட்டுறீங்க. நான் எங்க போய் முட்டிக்க?"

வெர்லன் டார்ச்சை அடித்தார். சுவரும் மூக்கும் ஒரே சாம்பல் நிறம். அறை முழுக்கப் பெயிண்ட் வாடை.

"இதுமேலயும் பூசிட்டியா? யாருடா உன்னப் பூசச் சொன்னது?"

"நீங்கதான், போன வாரம். அட்மிரல் பார்க்க வர்றாரு, அசையாதது எதுவும் பெயிண்ட் இல்லாம இருக்கக் கூடாது, ஒரு விரக்கடை விட்டாலும் தோல உரிச்சிடுவேன்னீங்க."

வெர்லன் பேனாக்கத்தியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினார். மூக்கு அலறியது.

"உன் அமோனியாவப் பார்த்தாலே இதுக்கு ஆகாது," என்றார் எரிச்சலாக.

ரெனியின் முகம் வெளுத்தது. "சீஃப், இன்னிக்கு நான் வாளியவே தொடல."

வெர்லன் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். கதவை அடைத்து அபாய மணியை அடித்தார். முகமூடி அணிந்தவர்கள் உள்ளே போய்க் கசிவை அடைத்தார்கள்.

ஆனால் ரெனி ஒரு வாரமாக அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறான். மருத்துவ அறையில் ஆக்சிஜனோடு கிடந்தான். உயிருக்குப் பயமில்லை, நுரையீரல் பழையபடி ஆகுமா என்றுதான் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

விசாரணை அதிகாரி கட்டிலருகே வந்து நின்றார். "பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாரு?"

ரெனி பக்கத்தில் நின்ற வெர்லனைப் பார்த்தான். ஆக்சிஜன் குழாயை விலக்கி, "ஞாபகம் இல்ல சார்," என்றான்.

வெர்லனுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இவன் எதற்காக நம்மைக் காப்பாற்றுகிறான், பின்னால் என்ன கேட்கப் போகிறான்? அப்படி நினைத்த மறுகணமே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் சார்," என்றார்.