சப்ஜெக்டில் மட்டும் எழுதிய கடிதங்கள்

கராம்பு வாசனை... கூடவே டயல்-அப் மோடம் கீச்சிடுகிற சத்தம். இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு மாத்தளை டவுன்தான் நினைவுக்கு வரும்.

கீழே மிளகும் கராம்பும் வாங்குகிற கடை. மேல்மாடியில் நான் வேலை செய்த கொமினிகேஷன். போன் பூத் இரண்டு, கம்ப்யூட்டர் மூன்று. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் பெண் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது!

அப்போது அண்ணன் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் லோண்ட்ரி வேலையில் இருந்தார். கப்பலில் இன்டர்நெட் உண்டு. ஆனால் கார்ட் வாங்கிப் போட வேண்டும், அதுவும் நிமிடக் கணக்கு. சாட்டிலைட்டோ ஆமை வேகம். ஒரு மெயில் திறப்பதற்குள் பாதி கார்ட் தீர்ந்துவிடும். துறைமுகத்தில் இறங்கினால் மலிவு... ஆனால் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறவரை யார் இறங்க விடுவார்கள்?

வழி கண்டுபிடித்தது நான்தான்.

மெயிலைத் திறந்தால்தானே நேரம் ஓடும்? திறக்காமலே சப்ஜெக்ட் தெரிகிறதே. சேதியை அங்கேயே எழுதிவிட்டால்? தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். 'கூரைத் தகரம் மாத்தியாச்சு.' 'பசு கன்னு போட்டுருச்சு.' உள்ளே ஒன்றும் இருக்காது. அண்ணன் லொக்-இன் பண்ணி, ஒரு பார்வை பார்த்து, வெளியே வந்துவிடுவார். ஒரு கார்ட் மாதக்கணக்கில் வந்தது. கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர்களும் அதையே தங்கள் வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். எல்கடுவ மூளை என்றால் சும்மாவா...

அப்புறம்தான் அப்பாவின் கால்.

சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி. புண் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு விரலை எடுக்க வேண்டும், விட்டால் முழங்கால் வரைக்கும் போய்விடும் என்றார் கண்டி ஆஸ்பத்திரி டாக்டர். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூத்தவன் சொல்லட்டும். அவன் சரின்னா சரி."

செவ்வாய்க்கிழமை அம்மா என்னோடு கடைக்கே வந்துவிட்டார். பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

"மொதல்ல நாங்க எல்லாரும் நலம், உன் நலமறிய ஆவல்னு போடு. எடுத்தவொடனே கெட்ட சேதி எழுதுனா வீட்டுக்கு ஆகாது."

லயத்தில் எந்தக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும். சாவுச் சேதிகூட நலத்துக்குப் பிறகுதான் வரும். நானும் அப்படியே போட்டு, அதன் பிறகு அப்பா விஷயம் முழுவதையும் சப்ஜெக்டிலேயே எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. ஒரே வார்த்தை... 'சந்தோஷம்.'

எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டை உடைத்திருப்பேன். பெற்ற தகப்பன் வார்டில் கிடக்கிறார், இவருக்குச் சந்தோஷமாம்! பிறகுதான் உறைத்தது. இன்பாக்ஸில் சப்ஜெக்டின் முன்பகுதி மட்டும்தான் தெரியும், மிச்சம் மூன்று புள்ளியாகிவிடும். நலத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் லொக்-அவுட் பண்ணிவிட்டார். வழி கண்டுபிடித்த நானே அதை யோசிக்கவில்லை. அன்றைக்கு அழுதேன்.

கடை முதலாளி, நாங்கள் மாத்தயா என்று கூப்பிடுகிறவர், என்னவென்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். தன் கைபோனை எடுத்து என் கையில் வைத்து, நாளைக்குக் கண்டிக்குக் கொண்டு போ என்றார். விரல்விட்டு எழுத்தெண்ணி அனுப்பினேன். 'அப்பா கால் ஆபரேஷன்', பக்கத்தில் அந்தப் போன் நம்பர். நலம் இல்லை, ஆவல் இல்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை செக்பாயிண்டில் ஆர்மிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி ஐசி, அடையாள அட்டை, பார்த்தார்கள். இந்த நேரம் பார்த்து போன் அடித்துவிடக் கூடாதே என்று பைக்குள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டுக்குப் போய்ச் சேர்ந்து, பொழுது சாயும் நேரத்தில்தான் அடித்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் எப்படியோ இறங்கி அண்ணன்தான் எடுத்திருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்பாவின் காதில் வைத்துப் பிடித்தேன். அண்ணன் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"வெரலு போனா போகட்டும்ப்பா. நான் வர்றப்ப நீங்க நடந்து வந்து என்னயக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

அப்பா போனைக் காதிலிருந்து விலக்கினார். பிறகு பேனா கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் கடைப் படியில் ஊன்றுகோல் சத்தம். எட்டிப் பார்த்தால் அப்பா! எல்கடுவயிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்து, அந்தச் செங்குத்துப் படியையும் ஏறி வந்திருக்கிறார். மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கு எழுது. மொதல்ல நலம்னு போடு. இப்ப போடலாம்."

அதை மட்டும் போட்டு அனுப்பினேன்.

இப்போது அண்ணன் அதே வேலையில் சூப்பர்வைசர். கப்பலில் வைஃபை, தினமும் வீடியோ கோல். பாதி நேரம் "அப்புறம்..." "நீதான் சொல்லணும்..." என்றே ஓடுகிறது. போன வாரம் அப்படிப் பேச ஒன்றுமில்லாமல் இருந்தபோதுதான் அண்ணன் சொன்னார்.

அப்பா படியேறி வந்து எழுதச் சொன்ன அந்த 'நலம்' மெயிலை மட்டும் திறந்து பார்த்தாராம். உள்ளே ஒன்றுமே இருக்காது என்று தெரிந்தும். கார்ட் தீரும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாராம்.