கல்குவாரி ஊரின் ஒரே கையெழுத்து

டாக்டர் ஒதுக்கீட்டு அலுவலகத்தில் அவளுக்கு அட்டைக்காரம்மா என்றே பெயர். ஒவ்வொரு டாக்டருக்கும் ஓர் அட்டை. வெள்ளைப் பெட்டியில் இருந்தால் ஊருக்கு. பச்சைப் பெட்டிக்குப் போனால் பட்டாளத்துக்கு. போர் தொடங்கியதிலிருந்து பெட்டி மாற்றுவதே அவள் வேலை. முடிவெடுக்கும் பெரியவர்கள் யாரும் அவளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

அன்று கல்குவாரி ஊர் மேசைக்கு வந்தது. அங்கே நான்கு டாக்டர்கள் இருக்கிறார்கள், அதனால் இளையவரான லேடி டாக்டரைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்று குழு எழுந்தது. அட்டைக்காரம்மா அந்த அட்டையைப் பெட்டி மாற்றாமல் நிறுத்தினாள். அவள் தங்கை அந்த ஊரில் எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் பிரசவத்திலேயே செத்துப் பிழைத்தவள். ஊரில் இருப்பதே அந்த ஒரு டாக்டர்தான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாள்.

கடிதத்தைக் காட்டினால் சொந்தக்காரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். அவள் சாப்பாட்டை மறந்து கீழ்த்தளத்துப் பதிவு அறைக்கு ஓடினாள். யார் பிறந்தாலும் இறந்தாலும் பார்த்த டாக்டர் கையெழுத்திட்ட சான்றிதழின் நகல் அங்கே வரும். கல்குவாரி ஊரின் ஆறு மாதக் கட்டைப் பிரித்தாள். அத்தனையிலும் அந்த லேடி டாக்டரின் ஒரே கோழிக் கிறுக்கல்.

கட்டோடு குழுவின் முன் போய் நின்றாள். “என் தங்கச்சி அந்த ஊர்லதான் இருக்கா, அதையும் சொல்லிடறேன். என்னை நம்ப வேண்டாம் சார், கையெழுத்தைப் பாருங்க.”

குழுத் தலைவரான கர்னல் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார். நான்கு டாக்டர்களில் ஒருவருடைய இறப்புச் சான்றிதழே அதில் கிடந்தது.

“செத்தவரையும் சேத்துல்ல எண்ணியிருக்கோம்!”

“அட்டை எழுதினது நான்தான் சார். போருக்கு முன்னாடி எழுதினது. தப்பு என்னோடதுதான்.”

மீதி இருவரையும் அவள் தொலைபேசியில் விசாரித்திருந்தாள். ஒருவர் படுத்த படுக்கை. இன்னொருவர் இதே நகரத்தில், நான்கு தெரு தள்ளி, இன்சூரன்ஸ் கம்பெனியில் ஃபைல் புரட்டுகிறார். வயது முப்பத்தாறு, கல்லுப்போல் உடம்பு. கர்னல் சிரித்தேவிட்டார். அந்த அட்டை பச்சைப் பெட்டிக்குப் போனது. லேடி டாக்டர் வெள்ளையிலேயே இருந்தாள். இனி அட்டைக்காரம்மாவின் சான்றிதழ்க் கட்டைப் பார்க்காமல் எந்த ஊர் டாக்டர் மீதும் கை வைப்பதில்லை என்று முடிவாயிற்று. குழுவின் மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி.

ஆறு வாரம் தங்கையிடமிருந்து தபாலே இல்லை. பதிவுக் கட்டுதான் முந்திக்கொண்டு வந்தது. முதலில் இறப்புகளைப் பார்த்தாள். தங்கை பெயர் இல்லை. பிறகு பிறப்புகள். தாய் பெயருக்கு நேரே தங்கை. பெண் குழந்தை, மூன்று கிலோ. கீழே அந்தக் கோழிக் கிறுக்கல்.

எல்லோரும் பார்க்க, அவள் வாய்விட்டு அழுதாள், சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னே இழுத்தாள்.

“சரி சார், அடுத்த ஊர் எது?”