சத்தம் ஆகாத வீடு

முதலில் நான் சண்டைக்குப் போனது பக்கத்து வீட்டுக்காரரிடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது கரண்ட் போனது. ஃபேன் நின்றது, தெருவே அடங்கியது. ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. மெல்லிசாக, விடாமல், ‘ஙீ’ என்று. அவர் வீட்டு இன்வெர்ட்டர்தான் என்று முடிவு கட்டி, கட்டியிருந்த லுங்கியோடு போய்க் கதவைத் தட்டினேன். “எங்க வூட்ல இன்வெர்ட்டரே கெடையாதே சார்” என்றார். நம்பாமல் உள்ளே போய்ப் பார்த்தேன். இல்லை. திரும்பி வந்து மனைவியிடம், “உனக்குக் கேக்குதா?” என்றேன். “எது?” என்றாள். சத்தம் என் காதுக்குள்தான் இருந்தது.

எதனால் வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு, கடலூர் போகிற வழியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் பத்தொன்பது வருடம் பஸ்ஸில் போய்வந்தவன் நான். கம்ப்ரசர் அறையில் ஆபரேட்டர். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் அங்கே பேச்சு. காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் இயர் பிளக் கொடுப்பார்கள். யாரும் போட மாட்டோம். போட்டால் மிஷின் என்ன சொல்கிறது என்று கேட்காது, அப்படி ஒரு பெருமை எங்களுக்கு. ஆபீசர் ரவுண்ட்ஸ் வரும்போது செருகிக்கொள்வோம், அவர் முதுகைக் காட்டியதும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும் ஷிஃப்ட் முழுக்கப் போட்டுக்கொண்டு நின்றார். “இன்னா மச்சான், காதுகுத்து விசேஷமா?” என்று அவரைக் கிண்டல் பண்ணியதே நான்தான். இரண்டாவது வாரம் அவரும் கழற்றிவிட்டார். அவர் காது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, “நரம்பு கெட்டிருக்கு. இது போவாது, பழகிக்கணும்” என்றார். எப்படிப் பழகுவது என்றும் சொல்ல ஆரம்பித்தார். போகாது என்றதுமே நான் எழுந்து செருப்பை மாட்டிவிட்டேன். என் முன்கோபம் அப்படி.

பிறகு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். சத்தத்தால் வந்தது, சத்தம் இல்லாவிட்டால் தணியும். வேலையில் போடாத இயர் பிளக்கை வீட்டில் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? வீட்டையே அடக்கினேன். மனைவி மிக்சிக்கு அடியில் பழைய புடவையை மடித்துப் போட்டாள். குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுச் சோறு வடித்தாள். டிவியில் சீரியல் ஊமையாக ஓடியது. யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று அவளாக யூகித்துக்கொண்டாள். வந்த விருந்தாளிகள் ஏதோ துக்கம் என்று நினைத்து அவர்களும் குசுகுசுவென்று பேசினார்கள். வீடு அடங்க அடங்க, உள்ளே அந்த ‘ஙீ’ ஏறியது. நான் இன்னும் அடக்கினேன்.

சாயங்காலம் நடராஜர் கோயிலில் மணி அடிக்கும் நேரத்தில் போய் நின்றால் மட்டும் காது மறந்திருக்கும். வெளிச்சத்தம்தான் உள்சத்தத்தை மூடுகிறது என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. நடராஜர் கருணை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து, மறுபடி காதை அடைத்துக்கொள்வேன்.

மகள் அப்போது பிளஸ் டூ. வாய்விட்டுப் படிக்கிற பிள்ளை. புத்தகத்தோடு கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே விலங்கியலை ராகம் போட்டு ஒப்பிப்பாள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த நான் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தேன். அட்டை கிழிந்து தனியாக விழுந்தது.

“வாய மூடிக்கிட்டு படிக்கத் தெரியாதா உனக்கு?”

“வாய்விட்டுப் படிச்சாத்தாம்ப்பா எனக்கு மண்டையில ஏறும்” என்றாள். அழவில்லை. குனிந்து புத்தகத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து உதடு மட்டும் அசைந்தது. கொஞ்ச நாளில் அதுவும் நின்றது.

விவசாயப் படிப்புக்கு ஆசைப்பட்டாள். மார்க் எட்டவில்லை. கிடைத்ததைப் படித்தாள், கல்யாணமாகி பெங்களூர் போனாள். உன்னால்தான் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், கடலூரில் காது பரிசோதனை செய்யும் ஒரு பெண்ணிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

“இயர் பிளக் போடுவீங்களா சார்?”

“போடுவேனே.”

“கம்ப்ரசர் ரூம்லதானே?”

“இல்லம்மா. வூட்ல.”

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

“அது வேலை எடத்துல போட வேண்டியது சார். வீடு அமைதியா இருந்தா அந்தச் சத்தம்தான் பெருசாத் தெரியும். ஃபேன் ஓடட்டும். ரேடியோ லேசா பாடட்டும். வீட்ல இருக்கறவங்கள நல்லா பேசிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. அதுதான் உங்களுக்கு நல்லது.”

திரும்பி வரும் பஸ்ஸில், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலை வந்ததும் எனக்குத் தெரியவில்லை, தாண்டியதும் தெரியவில்லை. எனக்கு வேண்டிய மருந்து கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தது. நான் அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது. குக்கர் பரணிலிருந்து இறங்கிவிட்டது. ரேடியோ நாள் முழுக்க முணுமுணுக்கிறது. காதுச் சத்தம் போகவில்லை, ஆனால் அரை நாள்கூட அதை மறந்து இருக்க முடிகிறது. மனைவியைத்தான் மாற்ற முடியவில்லை. அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துக் கூப்பிட மாட்டாள். நடந்து வந்து தோளைத் தொடுவாள்.

போன மாதம் மகள் குழந்தையோடு வந்தாள். இப்போதுதான் நடக்கப் பழகிய பேத்தி. வாசலில் ஆட்டோ நின்றது, பிறகு ‘கீக் கீக்’ என்று ஒரு சத்தம் வீட்டை நோக்கி வந்தது. மிதித்தால் கத்துமே, குழந்தைகள் போடும் அந்தச் செருப்பு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்து வாசலுக்கு ஓடினேன். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கு வெளியே மகள் உட்கார்ந்து குழந்தையின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“வெறுங்கால்ல வாடி செல்லம். தாத்தாவுக்கு சத்தம் ஆவாது.”

“போட்டுவிடும்மா. சத்தம் கேக்கட்டும். எனக்கு நல்லதுதான்” என்றேன்.

மகள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. செருப்பைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“பரவால்லப்பா” என்றாள். “எங்களுக்குப் பழகிடுச்சு.”