பாப்பா, பாக்ஸ், பைனல்

விமான நிலையக் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறவருக்கு விமானம் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. ஓட்டுகிறவர் பேசுவது என்னவென்று புரிந்தால் போதும், மிச்சத்தைப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள். ரேஷன் கடை, பாங்க், பஸ் நிலைய விசாரணை ஜன்னல் என்று எதற்குப் பின்னாலாவது உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை. உங்களுக்கெல்லாம் வினை கீழேயிருந்து வந்திருக்கும். எனக்கு மேலேயிருந்து வந்தது.

எழுபதுகளின் கடைசி. மெட்ராஸிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு விசிறி வைத்த சின்ன விமானம் ஒன்று வரும், போகும். டிக்கெட் பார்ப்பது, பெட்டியை எடை போடுவது, மைக்கில் அறிவிப்பது எல்லாம் என் வேலை. கேப்டன் பேசுவது எங்கள் ஆபீஸ் ரேடியோப் பெட்டியில் கேட்கும். அதை அப்படியே அறிவிக்க வேண்டும். அச்சடித்த அட்டையில் இருக்கிற வாக்கியம், கேப்டன் சொன்ன வார்த்தை, இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று மைக்கில் வரக்கூடாது என்பது எங்கள் மானேஜரின் சட்டம். அவர் மெட்ராஸ்காரர். விளக்கம் சொன்னால் நாளைக்கு அந்த விளக்கம்தான் கோர்ட்டுக்கு வரும் என்பார்.

நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். தேறாவிட்டால் சிம்மக்கல்லில் மாமாவின் மிளகாய் வத்தல் மண்டியில் கணக்கு எழுத அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வத்தல் மூட்டையைப் பார்த்தாலே எனக்குத் தும்மல் வரும். அதனால் இந்த வேலை எனக்கு வேண்டும். அந்த மைக்கும் வேண்டும். என் குரல் நன்றாக இருக்கும். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மூன்று எழுத்து

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அட்டையில் இருந்தபடி, “விமானத்தின் இ.டி.ஏ. பத்து நாற்பது” என்று அறிவித்தேன். மேலூரிலிருந்து மச்சினரை அழைத்துப்போக வந்திருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தார். ஈட்டியேயா, அது யார், அவர் வராமல் விமானம் வராதா என்று கேட்டார். ஆளில்லை ஐயா, வந்து சேரும் உத்தேச நேரத்தைத்தான் விமானிகள் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள் என்றேன். அன்றைக்கு உத்தேசம் மூன்று தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை சொன்னார்: “எங்க ஊரு டவுன் பஸ்சும் இப்படித்தான் தாயி வருது. அதுக்கு நாங்க எழுத்தெல்லாம் செலவழிக்கிறதில்ல.”

பாப்பா

ஆங்கில எழுத்துகளை ரேடியோவில் சொன்னால் காதில் சரியாக விழாது. ‘பி’ என்றால் ‘டி’ மாதிரி கேட்கும். அதனால் விமானிகள் எழுத்துக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ‘ஏ’ என்றால் ஆல்ஃபா, ‘என்’ என்றால் நவம்பர். ‘பி’க்கு அவர்கள் வைத்திருந்தது பாப்பா. வைத்தவர் மதுரைப் பக்கம் வந்தவராக இருக்க முடியாது.

ஒரு பயணியின் பெயர் பாண்டி. ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார், மீசை இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டியிருந்தது. அவர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சி ஆபீஸுக்குப் போனில் உரக்கச் சொன்னேன்: “பாப்பா, ஆல்ஃபா, நவம்பர்...” லைன் சரியில்லை. “பாப்பா! பாப்பா!” என்று நாலு தடவை கத்த வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கோபப்படவில்லை. கவுன்ட்டரில் மெதுவாகச் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“எங்காத்தா கூட என்னைய அப்படிக் கூப்பிட்டதில்லம்மா. மீசைக்காவது ஒரு மரியாதை குடுங்க.”

அஃபர்மேடிவ்

தொழில் வீடு வரைக்கும் வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ‘ஆமாம்’ என்பதற்கு ரேடியோவில் ‘அஃபர்மேடிவ்’ என்பார்கள். ஒரு மத்தியானம் கோச்சடை வீட்டில் பசியோடு இலையில் உட்கார்ந்திருந்தேன். சோறு இன்னும் வேண்டுமா என்று அம்மா கேட்டாள். என் வாய் “அஃபர்மேடிவ்” என்றது.

அம்மா அடுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அதெல்லாம் இன்னைக்கு வைக்கலடி. ரசம் இருக்கு, ஊத்தவா?”

பாக்ஸ்

பயணிகளை விமானிகள் ‘பாக்ஸ்’ என்பார்கள். பாசஞ்சர் என்று முழுதாகச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. மதுரை மல்லிகை அப்போதே விமானத்தில் போய்க்கொண்டிருந்தது. எடை அதிகமானால் முதலில் நிற்பது பூக்கூடைதான். ஒரு நாள் கேப்டன் கேட்டதற்கு, “முப்பத்தெட்டு பாக்ஸ், ஏற்றிக்கொண்டிருக்கிறோம், இனி இடமில்லை” என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடையோடு கதவருகில் நின்ற பூ வியாபாரி அதைக் கேட்டுவிட்டார். முப்பத்தெட்டுப் பெட்டிக்கு இடமிருக்கிறது, தன் ஒற்றைக் கூடைக்கு இல்லையா, எந்த வியாபாரியின் பெட்டி அது, பேரைச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டார்.

என்னோடு வேலை பார்த்த செல்வராஜ் அண்ணன் அவரை ஜன்னலுக்கு அழைத்துப் போய், படியேறிக்கொண்டிருந்த ஆட்களைக் காட்டி, அவர்கள்தான் பாக்ஸ் என்று விளக்கினார். வியாபாரி கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர்களைப் பார்த்தார். அவர் சமாதானமாகிவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

“அண்ணே, ஆளு நாளைக்குப் போனாலும் ஆளாத்தான் போகும். எம் பூவு நாளைக்குப் போனாக் குப்பை. ஒரு பாக்ஸ மட்டும் எறக்கிவிடுங்க.”

ஆத்மா

எனக்கு மானேஜரிடம் எச்சரிக்கை வாங்கிக் கொடுத்த வார்த்தை இது. விமானத்துக்குள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கும்போது விமானிகள் ‘சோல்ஸ் ஆன் போர்டு’ என்பார்கள். பைலட், பணிப்பெண், மடியில் இருக்கிற கைக்குழந்தை வரை எல்லா உயிரும் அந்தக் கணக்கில் அடக்கம். முதல் தடவையாக விமானம் ஏற வந்த கோயில் பட்டர் ஒருவர் ரேடியோவில் அதைக் கேட்டு, என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். எத்தனை ஆத்மாக்கள் என்று கேட்கிறார்கள் சுவாமி என்று உண்மையைச் சொன்னேன். பின்னால் நின்ற அம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மானேஜர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். விளக்கம் சொல்கிற பழக்கத்தை இத்தோடு விடாவிட்டால் புரொபேஷன் இத்தோடு சரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பட்டர் மட்டும் அசையவில்லை. மானேஜரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: “ஆத்மாவை எண்ணிட்டேள், ரொம்ப சந்தோஷம். சரீரத்துக்கு யார் பொறுப்பு?”

பைனல்

ஐப்பசி அடைமழையில் ஒரு முற்பகல். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று வந்து காத்திருந்தது. மெட்ராஸில் இருதய ஆபரேஷன் முடிந்து மகள் புருஷனோடு வருகிறாள். உடம்பு அலுங்கக்கூடாது என்று விமானத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்த அம்மா வந்ததிலிருந்து உட்காரவில்லை. மற்ற பயணிகளை அழைத்துப்போக வந்தவர்களும் ஜன்னலை ஒட்டி நின்றிருந்தார்கள்.

விமானம் மழைக்குள்ளிருந்து தாழ்வாக வந்தது. சக்கரம் கூடத் தெரிந்தது. அப்புறம் ஒரே இரைச்சலோடு மேலே ஏறி மேகத்துக்குள் போய்விட்டது. ரேடியோவில் கேப்டன் குரல் கேட்டது. கோயிங் அரவுண்ட், ரன்வே தெரியவில்லை, மேற்கே திரும்பி மறுபடி வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. மானேஜர் பக்கத்தில் நின்று வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல நான் மைக்கில் அறிவித்தேன்: “விமானம் கோ அரவுண்ட் செய்துள்ளது. அடுத்து பைனலில் ரிப்போர்ட் செய்யும்.”

இறங்குவதற்காக ஓடுபாதைக்கு நேராக வருகிற அந்தக் கடைசித் தூரத்தைத்தான் விமானிகள் பைனல் என்பார்கள். எங்களுக்கு அது தினசரி வார்த்தை. கூட்டத்தில் யாரோ, “பைனல்னா கடைசில்ல?” என்றார்கள். “முடிஞ்சிருச்சுங்கிறாகளா?” என்றார் இன்னொருவர். அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். கூட்டம் அவள் பின்னால் ஓடியது. கதவுக்கு அந்தப் பக்கம் விமானம் வந்து நிற்கிற இடம். செல்வராஜ் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வத்தல் மண்டி ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனாலும் மைக்கை எடுத்துவிட்டேன். அட்டையைப் பார்க்கவில்லை, மானேஜரையும் பார்க்கவில்லை.

“யாரும் ஓட வேணாம். மழையில கேப்டனுக்குப் பாதை தெரியல. தெரியாம எறக்கக் கூடாதுன்னு மேல ஏறிட்டாரு. ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப வாராரு. இப்பத்தான் ரேடியோவுல பேசினாரு, நான் கேட்டேன். பைனல்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்ல, எறங்க வர்ற வழிக்கு அதான் பேரு. ஆத்தா, ஒங்க மக மேற்கே கோச்சடைப் பக்கமாத் திரும்பிக்கிட்டிருக்கா. ஒக்காருங்க.”

இறங்கிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. தெரிந்தது முழுவதையும் சொன்னேன். கூட்டம் நின்றது. அந்த அம்மா முதல் தடவையாக உட்கார்ந்தாள். மேற்கே திரும்பி, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோவில் “பைனல்” என்று கேட்டதும் நானும் ஜன்னலுக்கு ஓடினேன். மழை சற்று விட்டிருந்தது. விமானம் வந்தது, சக்கரம் தரையைத் தொட்டது, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடி நின்றது. மகள் தன் புருஷன் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மானேஜர் என்னை நோக்கி வந்தார். முகம் சரியில்லை. யாரைக் கேட்டு மைக்கில் பேசினாய் என்று அவர் ஆரம்பிக்கும்போதே அந்த அம்மா மகளைக் கையில் பிடித்தபடி குறுக்கே வந்து நின்றாள். வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் பார்த்தவள், விமானத்தை ஓட்டியவர் அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அவசரப்படாம ஒரு சுத்து சுத்தி எம் பிள்ளையக் கொண்டாந்து சேத்தீகளே, நல்லா இருக்கணும்யா” என்று அழுதாள். நான் பைலட் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.

மாலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மண்டிக்குப் போக மனசைத் தயார்செய்துகொண்டு, எதற்கும் தலை குனிவதில்லை என்ற தீர்மானத்தோடு போய் நின்றேன். அறிவிப்பு அட்டைகள் மேஜை மேல் பரப்பிக் கிடந்தன. அதில் கோ அரவுண்ட் இருந்த அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இதை அடிச்சிட்டு, அந்த ‘ஒரு சுத்து சுத்தி’யை எழுதிக் குடுங்க. கையெழுத்து நான் போடறேன். ‘ஆத்மா’ மட்டும் வேண்டாம்மா.”

வேலையும் நிரந்தரமானது, மைக்கும் எனக்கே என்று ஆனது, அதற்கப்புறம் நான் அங்கே இருந்த காலம் முழுக்க எந்த விமானம் இங்கிலீஷில் பறந்து வந்தாலும் தமிழில்தான் இறங்கியது.