திருத்தம் வராத வெள்ளிக்கிழமைகள்

நாளிதழ் அலுவலகத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். வேலை என்னவோ புரூஃப் பார்ப்பதுதான். ஆனால் கீழே அச்சு இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், மேலே மேசையில் இருந்தபடியே, "காகிதம் கிழியப் போகுது, நிறுத்தச் சொல்லு" என்பார். பத்துத் தடவையில் ஏழு தடவை கிழியும். மீதி மூன்று தடவையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவரும்தான். இந்தப் புகழை நம்பி, வெள்ளிக்கிழமை இணைப்பில் வரும் 'காதுகொடுத்து' என்ற இசைப் பத்தியை ஆசிரியர் அவர் தலையில் கட்டினார்.

ஒரு வாத்தியத்தையும் தொட்டுப் பார்க்காதவர். அதனால் என்ன, பேனா இருக்கிறதே. ஒருவரைப் புகழ்ந்தால் 'விலைபோய்விட்டான்' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. திட்டினால் அந்தப் பயம் இல்லை. எனவே பெரும்பாலும் திட்டினார். ஊரும் ரசித்துப் படித்தது.

ஆனால் புரூஃப் வேலையில் மனிதர் தங்கம். ஒருமுறை இரங்கல் விளம்பரத்தில் இறந்தவர் பெயருக்குப் பதில் அவருடைய தம்பி பெயர் வந்துவிட்டது. மறுநாளே கட்டம் கட்டித் திருத்தம் போட்டு, உயிரோடு இருக்கும் அந்தத் தம்பியைத் தானே தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டார். புதிதாகச் சேர்பவர்களிடம், "தப்பு வரும். திருத்தம் போடாம விடுறதுதான் அசிங்கம்" என்று வாய் வலிக்கச் சொல்வார். ஊருக்குத்தானே உபதேசம்.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. கிதார் வாசிப்பவன். நாட்டுப்பாட்டையும் ராக்கையும் கலந்து அடித்த ஒரு குழுவில் இருந்தான். அந்த நாளில் பேருந்திலும் முடிவெட்டும் கடையிலும் அந்தக் குழுவின் பாட்டுதான். மூன்று கேசட்டுகள் போட்டிருந்தார்கள், மூன்றும் ஆட வைக்கிற ரகம். நாலாவது கேசட்டுக்கு ஒன்பது பாட்டையும் மச்சினனே எழுதி மெட்டமைத்தான். பெயர் 'கொடிக்கயிறு'. முழுக்க மெல்லிய ராக். குச்சியை வைத்துவிட்டு டிரம்ஸைத் தூரிகையால் வருடினார்கள். துணி காயப்போடுகிற பெண், கதவு நிலையில் மகளின் உயரத்தைக் கோடு போடுகிற அப்பன், யாரும் கூப்பிடாத தொலைபேசி என்று வீட்டுக்குள்ளேயே சுற்றுகிற பாட்டுகள்.

கேசட்டை அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

"அத்தான், இது வேற மாதிரி இருக்கும். ரெண்டு தடவை கேட்டுட்டு எழுதுங்க."

"எப்படிக் கேக்கணும்னு எனக்கே சொல்லித் தர்றியா? பொண்டாட்டி தம்பின்னு கேக்க மாட்டேன். பேப்பர்க்காரனாத்தான் கேப்பேன்."

"அப்படித்தான் கேக்கணும்" என்று சிரித்தான்.

வீட்டில் போடலாம் என்றாள் மனைவி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து உருகினால் என் காதும் உறவுக் காதாகிவிடும் என்று கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார். நேர்மையாம்.

அலுவலகத்தில் டைப் அடிக்கும் அம்மா அந்த வாரம் விடுப்பு. அவளுடைய அறை காலியாக இருந்தது. தலைவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய அங்கே ஒரு டேப் ரெக்கார்டர் உண்டு. மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு அதில் கேட்டார். இரண்டு தடவை கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமாகக் கணீரென்று பாடுகிற பாடகனின் குரல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தது. கிதார் நொண்டியது. எல்லாம் இழுவை.

வெள்ளிக்கிழமை பத்தி வந்தது. அதில் ஒரு வரி: 'கொடிக்கயிறு என்று பெயர் வைத்தார்கள், ஒன்பது ஈரத்துணிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.' அந்த வரி பிடித்துக்கொண்டது. கேசட் கடைக்காரர்கள், "ஈரத்துணி வந்திருக்கு, வேணுமா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பெண்டாட்டி தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை பாருங்கள் என்று ஆசிரியர் தோளில் தட்டினார்.

திங்கட்கிழமை டைப் அடிக்கும் அம்மா வேலைக்கு வந்தாள். பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னார்.

"என் மெஷின்லயா கேட்டீங்க?" என்றாள் அவள். "அது மெதுவால்ல ஓடும். தலைவருங்க பேசுற வேகத்துக்கு என் கை போகலைன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டார்ல இருக்கிற திருகாணியைக் குறைச்சு வெச்சேனே. ரெண்டு வருஷமாச்சு. எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியும், புரூஃப் அறையைத் தவிர. அன்று சாயங்காலம் வீட்டு டேப் ரெக்கார்டரில் 'கொடிக்கயிறு' போட்டார். பாடகனின் குரலில் கம்பளி இல்லை. கிதார் நொண்டவில்லை. பாட்டு, நல்ல நடைக்காரன் மாதிரி, அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல் போனது. குரல் மாறியிருந்ததை அலுவலகத்தில் கேட்ட அன்றே அவர் காது சரியாகவே பிடித்திருந்தது. அதற்கு மெஷினைச் சந்தேகப்படாமல் மனிதர்களைச் சந்தேகப்பட்டார், அவ்வளவுதான். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தவரை மனைவி துருவித் துருவிக் கேட்டதும் சொல்லிவிட்டார்.

"தம்பிகிட்ட மட்டும் இப்ப சொல்லாதே. இந்த வெள்ளிக்கிழமை நானே எழுதிடறேன்."

அந்த வெள்ளிக்கிழமை விளம்பரம் அதிகம், பத்திக்கு இடமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு பாடகர் வந்து குறுக்கே நின்றார். அதற்கடுத்த வாரம், இப்போது எழுதினால் ஊரே கைகொட்டிச் சிரிக்குமே என்று தோன்றியது. பாம்புச்செவிக்கு டேப் ஓடுகிற வேகம்கூடத் தெரியவில்லை என்பார்கள். ஒரு எழுத்து பிசகினால் கட்டம் கட்டித் திருத்தம் போட்டவர், ஒன்பது பாட்டுக்கு இரண்டு வரி போடவில்லை. ஆறப்போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆறத்தான் செய்தது.

ஒரு மேடையில் மச்சினன் கிதாரோடு முன்னே வந்தபோது கூட்டத்திலிருந்து "ஈரத்துணி, ஈரத்துணி" என்று குரல் வந்தது. குழுவின் தலைவரும் சிரித்துவிட்டார். அடுத்த கேசட்டுக்கு அவனுடைய பாட்டு ஒன்றையும் எடுக்கவில்லை. அவன் குழுவை விட்டு வந்து, மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் லென்ஸ் தேய்க்கிற வேலையில் சேர்ந்தான். நல்லது கெட்டதுக்கு வருவான், அத்தான் என்று கூப்பிடுவான், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுப் போவான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முப்பத்திரண்டு வருடம் போனது. அவர் ஓய்வு பெற்றார். ஒருநாள் காலை ஓர் இணைய இதழிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், 'கொடிக்கயிறு' திரும்பவும் இசைத்தட்டா வருது. எங்க வயசுக்காரங்க அதைத்தான் கேக்கறாங்க. அந்தக் குழுவோட மத்த கேசட்டெல்லாம் இப்ப பழசாத் தெரியுது சார், இது தெரியலை. அன்னைக்கு அதைக் கிழிச்சது நீங்கதானாமே? நீங்களே மறுபடி கேட்டு எழுதினா நல்லா இருக்கும்."

எழுதுகிறேன் என்றார். ஒரு பகல் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். உயரக்கோடு பாட்டில் பிடில் கடைசிச் சரணம் வரைக்கும் வருவதே இல்லை. மகள் அப்பனைவிட உயரமாகிவிட்ட வரி முடிந்த பிறகுதான் வருகிறது, வந்ததும் முடிந்துவிடுகிறது. தொலைபேசிப் பாட்டில் பாடகன் பாடுவதை விட்டுவிட்டு நாலு தாளம் சும்மா நிற்கிறான், மணி அடிக்குமோ என்று நாமும் நிற்கிறோம். ஏழாவது பாட்டு மட்டும் அன்றும் தேறவில்லை, இன்றும் தேறவில்லை. மீதி எட்டையும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கட்டுரை அழகாக வந்தது. பிடில், நாலு தாளம், ஏழாவது பாட்டு எல்லாம் இருந்தன. ஒன்றுதான் இல்லை. 'அன்று நம் செவிகள் இந்த மென்மைக்குப் பக்குவப்படவில்லை' என்று எழுதியிருந்தார். நம் செவிகளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்கு இத்தனை வருடத்தில் கைவந்த கலை. ஆனால் அனுப்ப மனம் வரவில்லை. காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். மெஷின் விஷயத்தை அவனிடம் சொல்லிவிட வேண்டும், அவன் ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிவிட வேண்டும், பிறகு அதையும் எழுதிவிட வேண்டும். சாவதற்குள் இந்த ஒன்று நடந்தால் போதும் என்றிருந்தது.

கடையின் பின்பக்கம் சின்ன அறை. தேய்க்கிற சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மச்சினன் சக்கரத்தை நிறுத்தி, கையைத் துடைத்து, கட்டுரையை நிதானமாகப் படித்தான்.

"நல்லா வந்திருக்கு அத்தான். ஏழாவது சுமார்தான். எனக்கே தெரியும்."

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு மச்சான்" என்று ஆரம்பித்து, டைப் அறை, திருகாணி, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மச்சினன் ஒரு லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"அக்கா அந்த வாரமே சொல்லிட்டா."

அவர் நிமிர்ந்தார்.

"அத்தான் எழுதறேன்னு சொல்லியிருக்காரு, அவசரப்பட்டு எதையும் விட்டுடாதேடான்னா. சரின்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உங்க பேப்பரை வாங்கினேன். பத்தியைப் படிப்பேன். அதுல இல்லைன்னா திருத்தம் போடுற கட்டத்தைப் பாப்பேன். யாரோட பேரோ, எந்த ஊருக்கோ போற ரயில் நேரமோ இருக்கும். இந்தக் கடையில சேந்த பிறகும் வாங்கினேன். மொத்தம் ரெண்டு வருஷம். அப்புறம் விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா போட்டிருப்பீங்க. மச்சான் கேட்டதுக்காகப் போட்டேன்னு ஆகியிருக்கும். உங்களுக்குத்தான் உறவுன்னா ஆகாதே."

சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் கட்டுரையை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"அதையும் எழுதிடறேன். எல்லாத்தையும்."

"வேண்டாம்." முதல் முறையாக அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இப்பதான் யாரோ முகம் தெரியாத புள்ளைங்க பாட்டைப் பத்திப் பேசுதுங்க. நீங்க அதை எழுதினா நாளையிலேருந்து எல்லாரும் மெஷினைப் பத்தித்தான் பேசுவாங்க. தமாஷாயிடும். மறுபடியும் ஈரத்துணி ஆக்கிடாதீங்க. இருக்கிறதை அப்படியே அனுப்புங்க."

திட்டவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினான். அவருடைய கண்ணாடியில் ஒரு திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்து, கழற்றி வாங்கி, முறுக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

கட்டுரை வெளியானது. ஏராளமான பேர் படித்தார்கள். தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொள்ள எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று பாராட்டி எழுதினார்கள். இப்படியொரு நேர்மையான விமர்சகரை இனிமேல் பார்க்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பெண் கூப்பிட்டு, சார், எல்லாரும் உங்களைத்தான் கொண்டாடுறாங்க என்றாள். பாட்டை எழுதியவனைப் பற்றிக் கேட்க அவளுக்கு நேரமில்லை போல.

மனைவி மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைபேசியில் கடைசி வரிவரைக்கும் படித்தாள்.

"மெஷின் எங்க?"

"அவன் எழுத வேண்டாம்னுட்டான்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"எழுத மாட்டாரான்னு ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தான். அது உங்க காதுல விழலை. வேண்டாம்னு ஒரு தடவை சொன்னான், அது மட்டும் உடனே கேட்டுடுச்சு."