அம்சவல்லி அழிக்காமல் விட்ட குரல்

அம்சவல்லிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். 2005இல் நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மரக்காணம் திரும்பியபோது, அவள் தன் பழைய தொழில் கூட்டாளி கன்னியப்பன்மேல் கோபமாக இருந்தாள். அவள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

கன்னியப்பனிடம் வீடியோ ஸ்டுடியோ இருந்தது. ஊரின் கேபிள் டிவியும் அதில் ஓடும் உள்ளூர் சேனலும் அவனுடையவைதான். கல்யாணங்களில் அவன் கேமரா பிடிப்பான், அம்சவல்லி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எடிட் செய்து கொடுப்பாள். ஒருநாள் அவள் சொந்தமாகக் கேமரா வாங்கி ஆர்டர் எடுக்க ஆரம்பித்தாள். உப்பளத்தில் வேலை செய்த குடும்பம் அவளுடையது. கன்னியப்பன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஊர் கேட்கும்படி சொன்னான்.

"உப்பு வார்ற கை பட்டா கேமரா துருப்பிடிச்சிடும்பா. அவ குடுக்கற படம் பாதியில நின்னு திக்கும், பார்த்துக்கினே இருங்க."

கடையே சிரித்தது. அவளுக்கு வந்திருந்த ஆர்டர்களில் பாதி போய்விட்டன.

கெட்ட நேரம், படம் நிஜமாகவே திக்கியது.

அவள் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கு நேரே உப்புப் பாத்திகள். அந்தக் காற்றில் ஹார்ட் டிஸ்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அதனால் டிஸ்க் இருக்கும் கம்ப்யூட்டரை ஜன்னலில்லாத உள்ளறைக்கு மாற்றிவிட்டு, கூடத்து டிவியோடு டிஸ்கே இல்லாத சின்னப் பெட்டி ஒன்றை வைத்தாள். அது ஆரம்பிப்பதும் படம் ஓட்டுவதும் உள்ளறையிலிருந்து வரும் ஒரு வயரை நம்பித்தான். வெளியூர் விடுதி ஒன்றில் நான் பார்த்த ஏற்பாடு அது. நான் வாயால் சொன்னேன், அவள் செய்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் கூடத்தில் உட்கார்ந்து தங்கள் கல்யாணத்தைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் சிடி போடுவாள்.

கீழ்புத்துப்பட்டுப் பெண் வீட்டார் வந்த அன்று மாப்பிள்ளை கையில் தாலி அந்தரத்திலேயே நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. பெண்ணின் சித்தப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

"கன்னியப்பன் சொன்னது சரியாத்தான் இருக்குது."

அடுத்த ஆர்டர், உப்பள முதலாளி பலராமனின் சின்ன மகள் கல்யாணம். வியாழக்கிழமை குடும்பத்தோடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அதுவும் திக்கிச்சுன்னா கேமராவ வித்துட்டு நானும் பாத்தில எறங்க வேண்டியதுதான்" என்றாள்.

வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. வெட்டிப் புதிது போட்டாள். திக்கியது. பெட்டியின் விசிறியைத் துடைத்தாள், மின்சார அடாப்டரை மாற்றினாள். அப்போதும் திக்கியது. உள்ளறைக் கம்ப்யூட்டரில் நேராக ஓட்டினால் தண்ணீர்போல ஓடியது.

"பழைய கல்யாணம் ஏதாவது போடேன்" என்றேன். ஒரு திக்கல் இல்லை.

அவள் உள்ளறைக்குப் போனாள். பிறகு அதே பழைய வீடியோவுக்கு ஒரு காப்பி எடுத்து, "செஞ்சி கல்யாணம், புதுசு" என்று பெயர் வைத்தாள். கூடத்தில் அதை ஓட்டினோம். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் திக்க ஆரம்பித்தது.

"படம் ஒண்ணு, பேரு மட்டும்தான் புதுசு. புதுசுன்னா யாருக்குடி ஆசை?"

ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். வயர்கள் வந்து சேரும் ஹப், வயருக்கு ஒரு விளக்கோடு, அங்கே இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு மெஷின். துடித்துக்கொண்டிருந்தவை மூன்று விளக்குகள். மூன்றாவது வயரைப் பிடுங்கினாள். கூடத்தில் நாயனம் தடங்கலில்லாமல் வாசித்தது. மறுபடி செருகினாள். திக்கியது.

அந்த வயர் மொட்டைமாடி ஏறி, கேபிள் டிவி வயர்களோடு சேர்ந்து, இரண்டு வீடு தள்ளியிருந்த கன்னியப்பன் ஆபீசுக்குள் இறங்கியது. எடிட் செய்த படங்களைச் சேனலுக்கு அனுப்ப, சேர்ந்திருந்த காலத்தில் இழுத்தது. சண்டையன்று "வயர அறுத்துட்டேன், போ" என்று அவன் கத்தியதை அவள் நம்பிவிட்டாள். அவன் அறுக்கவில்லை. அவள் வைக்கும் ஒவ்வொரு புதுப் படத்தையும் வயர் வழியாக உறிஞ்சி, தன் ஸ்டுடியோ பெயரைப் போட்டுச் சேனலில் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் உறிஞ்சும்போதெல்லாம் கூடத்துப் படம் திக்கியது. வாடிக்கையாளர்கள்தான் அவனுக்குச் சிடி கொடுக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"பிடுங்கிப் போட்டுடு" என்றேன்.

"இருக்கட்டும்."

வியாழக்கிழமை மட்டும் பிடுங்கினாள். பலராமன் கடைசிவரை பார்த்துவிட்டு, "அருமையா இருக்குதும்மா" என்றார். அவர்கள் வாசல் தாண்டியதும் பரணில் ஏறி அதே வயரைச் செருகினாள்.

கேமரா பிடிக்கிறவன் வாய் சும்மா இருக்காது. அவன் முணுமுணுப்பதெல்லாம் டேப்பில் ஏறும். எடிட் செய்கிறவர் அதை அழித்துவிட்டுப் பாட்டுப் போடுவார். பலராமனின் பெரிய மகள் கல்யாணத்தைப் பிடித்தவன் கன்னியப்பன், எடிட் செய்தவள் அம்சவல்லி. அவள் எடிட் செய்த மற்றவற்றைப்போல அந்த மூல டேப்பும் அவளிடமே இருந்தது. சின்ன மகள் கல்யாணத்துக்குப் பின்னால் அதை அப்படியே ஒட்டினாள். எதையும் அழிக்கவில்லை. "பலராமன் வீட்டுக் கல்யாணம், முழுசு" என்று பெயர் வைத்தாள். பரணில் மூன்றாவது விளக்கு துடிக்க ஆரம்பித்ததும் கீழே இறங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடுகளில் மீன் குழம்பு கொதிக்கிற நேரம், சேனலில் அது ஓடியது. மேலே கன்னியப்பன் ஸ்டுடியோவின் பெயர். சின்ன மகள் முடிந்து பெரிய மகள் மணவறைக்கு வந்தாள். பாட்டு இல்லை. குரல் வந்தது.

"ஏம்பா, உப்பு முதலாளி வீட்டு சாம்பார்லயே உப்பு இல்ல பார்த்தியா? அதுலயும் மிச்சம் பிடிக்கறான்யா கிழவன்."

கேமரா சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பியது.

"எல்லாம் கவரிங். கிட்டப் போகாத, பல்லிளிச்சிடும்."

கன்னியப்பன் ஆபீசில் இருந்த கேபிள் ஆள் படத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். ஊரே கேட்டுச் சிரித்தது. அம்சவல்லி மட்டும் சிரிக்கவில்லை, ஒலியைக் கூட்டினாள்.

பலராமனின் ஆட்கள் சட்டையைப் பிடித்த பிறகு, பொத்தான் இல்லாமல் கன்னியப்பன் எங்கள் தெருவுக்கு வந்தான். பின்னால் கூட்டம்.

"நீதான பண்ண?"

"எத அண்ணே?"

"அந்த ஃபைலு!"

"உங்க சேனலு, உங்க பேரு, உங்க குரலு. நான் எங்க வந்தேன்? அந்த ஃபைலு எங்கிருந்து எடுத்தீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்களேன்."

"அது... அது வந்து..." என்று இழுத்தான்.

"சொல்லேன்பா, திக்காம சொல்லு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

போய்விட்டான். அடுத்த வாரம் கேபிள் ஆபீசில் பூட்டுத் தொங்கியது. அம்சவல்லிக்கு ஆர்டர்கள் வந்தன. அவற்றோடு வேறு ஆட்களும் வந்தார்கள். அவன் படம் பிடித்த வீட்டுக்காரர்கள்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துல என்னா பேசினான்மா?"

கேட்டவர்களுக்கெல்லாம் குரலை அழிக்காமல் சிடி போட்டுக் கொடுத்தாள்.

"போதும்டி, ஆளே காலி ஆயிட்டான்" என்றேன்.

"இன்னும் கூனிமேட்டுக் கல்யாணக்காரங்க வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த டேப்பைச் செருகினாள்.